பாதிரிக் காளையின் வால்முடி

லான்ஸ்வுட் பண்ணை,
ஆல்ஃபா வழி, குவீன்ஸ்லாந்து.
6 ஜூலை 2015

அன்புத் தம்பி டாரிலுக்கு,

நானும் மிக்கும் நலம். மாடுகளும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் விலா எலும்பை வைத்து அதுகள் சங்கீதம் வாசிக்கிற நிலைமையில் அப்படி எழுதினால் மேலே இருப்பவர் சிரிப்பார். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கும். அதனால் எனக்கு இந்த ஏற்பாடுதான் வசதி.

மழை இல்லை. தீவனமாக மல்கா மரத்தை வெட்டிப் போட்டுப் போட்டு என் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மிக் சுரங்கத்திலிருந்து வரும்போதெல்லாம், "ஒரு பக்கமா நடக்கிறியே, காத்து அடிக்குதா?" என்று கேட்கிறார். பருத்திக்கொட்டை வாங்கப் போனால் விலையைக் கேட்டதுமே பசி போய்விடுகிறது, எனக்கும் மாட்டுக்கும். மாடு ஏற்றுகிற லாரிக்காரர் கார்டனிடம் பேசிவிட்டேன். செப்டம்பர் கடைசி வரை பொறுப்பார். ராக்ஹாம்ப்டனில் மாடு வளர்ப்பவர்களின் மாநாட்டு ஏலத்தில் நம் பாதிரி நல்ல விலைக்குப் போனால் தீவனம் வந்து சேரும், பசுக்கள் இங்கேயே நிற்கும். போகாவிட்டால் பசுக்கள் மொத்தமும் கறி ஆலைக்கு. நீ கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மேடையேறும்போது இதை நினைவில் வைத்துக்கொள். ஒரு மந்தை முழுக்க உன் கழுத்தில் தொங்குகிறது, பட்டையை இறுக்கிக் கட்டாதே.

பாதிரி கம்பீரமாக இருக்கிறான். சாம்பல் நிறம், திமில் ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிறது, முகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கக் களை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதுவரைக்கும் வாங்காத மதிப்பெண்ணையெல்லாம் இவன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய ஒரே வால்முடியில் வாங்கிவிட்டான். மென்மையான கறி, அதில் இத்தனைக்கு இத்தனை. அதற்கு மேலே இரட்டை மோழை, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் கொம்பில்லாத வம்சம். எந்தக் கொம்புப் பசுவோடு சேர்த்தாலும் எல்லாக் கன்றும் கொம்பில்லாமல் பிறக்கும் என்று ஆய்வுக்கூடமே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அது சம்பந்தமாக ஒரு சின்ன விஷயம். இந்த வாரம் பாதிரியின் முதல் கன்றுகளுக்குச் சூடு போட்டோம். ஒரு கிடாரிக் கன்றின் தலையைத் தடவினேன். விரலுக்கடியில் கொண்டைக்கடலை மாதிரி ஏதோ ஒன்று. ஒன்றுமிருக்காது. உண்ணி கடித்திருக்கும். நீ என்ன நினைக்கிறாய்?

உன் கோணல் தோள் அக்கா,
ரேலீன்


ராக்ஹாம்ப்டன்
14 ஜூலை 2015

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம், வேலைதான் மென்னியைப் பிடிக்கிறது.

கன்று விஷயம்: அது பொய்க்கொம்பு. தோலோடு ஒட்டிக்கொண்டு ஆடும், மண்டையில் வேர் இருக்காது. மோழை மாட்டுக் கன்றுகளுக்கு வருவதுதான். தலையைத் தடவிக்கொண்டு நிற்காதே, வேலையைப் பார்.

இங்கே ஏலப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முந்நூறு பண்ணைகள் அனுப்பியதில் பதினெட்டுக் காளைகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதில் பாதிரிக்கு முதல் பக்கம். அக்கா, இந்த மாநாட்டில் கடைசி வரிசையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் நான். இந்த வருடம் மேடையில் அரை மணி நேரம் எனக்கு. திமில் மாட்டிலும் மென்மையான கறி உண்டு என்று பாதிரியை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. ஜூலியா க்ரீக் பக்கத்திலிருந்து ஹக் ப்ரோடியும் அவர் மனைவி நெரிடாவும் விசாரித்தார்கள். வருடா வருடம் கொம்பு வெட்டி, ரத்தம் போய், புழு வைத்து, கன்றுகளைப் பறிகொடுக்கிறார்களாம். இனிமேல் வீட்டில் கத்தியே இருக்கக்கூடாது என்று பழைய காளைகளை எல்லாம் விற்றுவிட்டார்கள். எவ்வளவு ஏறினாலும் பாதிரியை விடமாட்டோம் என்று ஹக் சொன்னார்.

அதனால் அந்தக் கொண்டைக்கடலைக் கதையை யாரிடமும் சொல்லாதே. மிக் மாமாவிடமும் வேண்டாம். அவர் சுரங்கத்துச் சாப்பாட்டு அறையில் வாயைத் திறந்தால் மாநிலம் முழுக்கக் கேட்கும்.

அன்புடன்,
டாரில்


லான்ஸ்வுட்
22 ஜூலை 2015

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் மிக்கிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. ஒரு கன்றைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், நீ அங்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருக்கிறாய்.

அந்தக் கிடாரியை மறுபடி பிடித்துக் கூண்டில் நிறுத்தினேன்.

"மிக், உன் கையைக் குடு. இங்க அமுக்கு."

"எதுக்கு? கடிக்குமா?"

"கன்னுக்குட்டிதான, உன்ன மாதிரி கடிக்காது. அமுக்கு மனுஷா."

அமுக்கினார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆடுதா, ஆடலையா?"

"ஆடல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மண்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கு ரே. இது கொம்பு."

"மெதுவாப் பேசு. பாதிரி காதுல விழுந்துறப் போகுது."

பிறகு மற்றக் கன்றுகளையும் பார்த்தோம். ஏறக்குறையப் பாதித் தலைகளில் அதே கடலை. வேறு காளை அந்த வேலிக்குள் வரவில்லை, அது உனக்கும் தெரியும், வேலியைக் கட்டியதே நீயும் மிக்கும்தான். அப்படியென்றால் பாதிரி ஒற்றை மோழை. அவன் தலையில் கொம்பில்லை, சரி, ஆனால் கொம்பைப் பாதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறான். இரட்டை மோழை என்று ஆய்வுக்கூடம் சொன்ன அந்த முடி அவன் வாலிலிருந்து வந்ததல்ல.

தம்பி, போன வருஷ ஈஸ்டரை நினைத்துப் பார். ஒரே பசு, ஒரே காளை, ஒரே தடவையில் அந்தப் பசுவின் கருப்பையைக் கழுவி எடுத்த கருக்கள். இரண்டு வேறு பசுக்களின் வயிற்றில் வைத்துப் பிறந்த அண்ணன் தம்பிகள். ஒருத்தன் பாதிரி. இன்னொருத்தன் பின்னங்கால் வளைந்த கோணையன். நான் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீதான் வாலில் முடியைப் பிடுங்கினாய். அட்டையில் அங்கேயே எண் எழுதச் சொன்னேன். "பேனா வண்டியில இருக்கு, சாப்பிடும்போது எழுதிக்கலாம்க்கா" என்று இரண்டையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டாய். உப்புக்கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே மேசையில் வைத்து எழுதினாய். ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்லமுடியாது. தாய் தகப்பன் சரியா என்றுதான் அவர்கள் ஒத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் அதே தாய், அதே தகப்பன். மாறிப்போனால் எந்தச் சல்லடையிலும் நிற்காது.

அழகாக இருந்தவனுக்கு நல்ல மதிப்பெண் வந்ததும் நாம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வளைந்த காலனுக்குக் காயடிக்கிற கத்தி. அவன் மார்ச் மாத லாரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். நாட்டிலேயே மென்மையான திமில் மாட்டுக் கறியை, இருபது டாலர் கூடக் கொடுக்காமல், யாரோ ஒருவர் தக்காளிச் சாறு ஊற்றித் தின்று முடித்திருப்பார்.

சிரிக்காமல் எழுத முடியவில்லை. ஏலத்துக்கு முன்னால் அந்த மாநாட்டுக்காரர்களிடம் சொல்லிவிடு. எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும், நீதான் படித்தவன்.

அக்கா,
ரேலீன்


ராக்ஹாம்ப்டன்
30 ஜூலை 2015

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

முதலில் ஒன்று. கன்றுத் தலையில் நீ விரலால் பார்த்தது சாட்சி ஆகாது. இன்னொரு முடி போய், இன்னொரு அறிக்கை வந்தால்தான் சாட்சி. அதனால் எந்த முடியையும் எங்கேயும் அனுப்பாதே. அறிக்கை இல்லாதவரை நமக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் சட்டம் தெரிந்துதான் சொல்கிறேன்.

இரண்டாவது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? பாதிரி ஏலத்தில் நிற்கமாட்டான். செப்டம்பர் கடைசியில் கார்டன் லாரி வரும். கண் கறுத்தவள், ஒற்றைக் காது, தாத்தா வாங்கிய அந்த வெள்ளைப் பசுவின் பேத்திகள், எல்லாவற்றையும் நீயே தடி எடுத்து ஓட்டி ஏற்றவேண்டும். நான் உன் மந்தையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன், நீ என்னைத் திருடனைப் போலப் பேசுகிறாய்.

ப்ரோடிகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்களுக்குக் கொம்புக் கன்று பிறக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் மழை வரும். அப்போது வேறு நல்ல காளை கொடுத்துச் சமாதானம் செய்யலாம். எல்லாப் பண்ணையிலும் இப்படி ஒன்றிரண்டு உண்டு.

மூன்றாவதாக, என்னைப் பற்றியும் கொஞ்சம் நினை. சட்டைப் பையில் முடியைச் செருகிக்கொண்டவன் என்று தெரிந்தால் இந்த ஊரில் எனக்கு யாரும் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட வம்சம் எழுதக் கொடுக்கமாட்டார்கள்.

தயவுசெய்து சும்மா இரு.

டாரில்


லான்ஸ்வுட்
8 ஆகஸ்ட் 2015

அன்புத் தம்பி டாரிலுக்கு,

நீ சொன்னபடி சும்மா இருந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே முயற்சி செய்தேன். கன்றுகள் நிற்கும் பக்கமே போகவில்லை. கண் கறுத்தவளுக்குக் கரும்புப் பாகு நக்க வைத்துவிட்டு, "உன் தலை என் தம்பி வாயில இருக்குடி" என்று சொன்னேன். அவள் என் சட்டையையும் சேர்த்து நக்கினாள். சும்மா இருப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் பயமாகப் போயிற்று.

பிறகு நெரிடா ப்ரோடி வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், ஜூலியா க்ரீக்கிலிருந்து ஒரே ஓட்டமாக வண்டியை ஓட்டிக்கொண்டு, முகமெல்லாம் புழுதி. பாதிரியைப் பார்த்ததும் வேலிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க இவன், கல்யாணம் பண்ணி வைக்க வந்த மாதிரி நிக்கிறான்!"

"அவனுக்குப் பேரே பாதிரிதான். உங்க பாவமெல்லாம் சொல்லுங்க, கேட்டுக்குவான்."

"எங்க பாவம் பூரா கொம்புதாங்க. போன வருஷம் நானே கத்தி பிடிச்சேன். ஒரு கன்னு என் மடியிலயே செத்துச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. அன்னிக்கு ஹக்கிட்ட சொன்னேன், இனி என்னால முடியாதுன்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எல்லாக் கன்னும் மோழைதானே?"

தம்பி, அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம் புருஷன் தலையத் தவிர இங்க எல்லாமே மொட்டைதான்" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கன்றுகள் எங்கே என்று கேட்டாள். தூரத்து மேய்ச்சலில் இருக்கிறது என்றேன். கொட்டகைக்குப் பின்னால்தான் நின்றன. ஒன்று கத்தவும் செய்தது. "பக்கத்துப் பண்ணைக் கன்னு" என்றேன். ஆக மொத்தம் ஒரு கோப்பைத் தேநீருக்குள் மூன்று பொய். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

வண்டி வாசல் தாண்டியதும் நானும் மிக்கும் பாதிரியைக் கூண்டில் நிறுத்தினோம். வாலில் முடியைப் பிடுங்கினேன், வேரோடு. மிக் பேனாவை விளக்கைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார், அதை வாங்கி அங்கேயே எண் எழுதினேன். அன்றைக்கே தபால் வண்டியில் போய்விட்டது. பதில் உனக்கும் வரும், பண்ணையின் விலாசம் இரண்டில் உன்னுடையதும் ஒன்றுதானே.

கத்து. கத்தி முடித்ததும் யோசி. மாட்டை ஏற்றவேண்டியிருந்தால் ஏற்றுகிறேன். அழுதுகொண்டு ஏற்றுவேனா சிரித்துக்கொண்டு ஏற்றுவேனா என்பது அன்றைக்குத் தெரியும். ஆனால் நெரிடா மடியில் இன்னொரு கன்றைப் போட்டு அதில் நான் தீவனம் வாங்கமாட்டேன். ஏலம் தொடங்குமுன் ஏலப் புத்தகத்துக்குத் திருத்தம் வாசிப்பார்கள் இல்லையா, அதில் நீ சொல். நீ சொல்லாவிட்டால் நான் வருவேன். சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். அந்தத் தொப்பியை நீ பார்த்திருக்கிறாய்.

அக்கா,
ரேலீன்


ராக்ஹாம்ப்டன்
27 ஆகஸ்ட் 2015

அக்கா,

அறிக்கை வந்துவிட்டது. ஒற்றை மோழை. கறி மதிப்பெண்ணும் சராசரிக்குக் கீழே. உனக்கும் வந்திருக்கும்.

நாலு நாள் யோசித்தேன். இப்போது முடிவு செய்துவிட்டேன். நானே சொல்கிறேன். திருத்தம் வாசிக்கிற நேரத்தில், ஒலிபெருக்கியில், எல்லோர் முன்னாலும். பாதிரியை ஏலத்திலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், நீ வராதே. அந்தத் தொப்பிக்காகச் சொல்லவில்லை. நீ முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குக் குரல் வராது. என்னை என் வழியில் சொல்லவிடு.

டாரில்


லான்ஸ்வுட்
3 செப்டம்பர் 2015

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மிக்குக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பய பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

நான் வரவில்லை. தொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், அது ஏமாந்து போயிற்று. கார்டனிடம் லாரி சொல்லியாயிற்று. எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று தினமும் காலையில் முடிவு செய்கிறேன், சாயங்காலம் மாற்றுகிறேன். மல்கா வெட்டிப் போட்டால் ஒரு சின்னக் கும்பலை இழுத்துப் பிடிக்கலாம் என்கிறார் மிக். கண் கறுத்தவள் கட்டாயம் நிற்பாள், அவள் இல்லாமல் என்னால் யாரைத் திட்டமுடியும்?

பழக் கேக் ஒன்று செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். முட்டை குறைவு, அதனால் கொஞ்சம் செங்கல் மாதிரி இருக்கும். யாராவது உன்னை ஏசினால் எறிய உதவும்.

மேடையில் நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுத்துவிட்டு, கூண்டில் மாட்டைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள். கையை எடுத்தால்தான் உதைக்கும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அக்கா,
ரேலீன்


ராக்ஹாம்ப்டன்
14 செப்டம்பர் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நடந்துவிட்டது.

கூடம் நிறைந்திருந்தது. திருத்தங்கள் வாசிக்கும்போது எழுந்து போய் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டேன். சோதனைக்கு முடி அனுப்பியதில் ஒரு தவறு நடந்துவிட்டது, பாதிரியின் மதிப்பெண்கள் அவனுடையவை அல்ல, அவனை எடுத்துக்கொள்கிறோம் என்றேன். பிறகு பின்னால் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் கூடமே தட்டியது அக்கா! தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலுக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் வேண்டும் என்றார். என் அரை மணி நேரப் பேச்சையும் ரத்து செய்யவில்லை. முடி மாதிரிகளை எப்படிப் பாதுகாப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். அடுத்த வருடம் தேர்வுக் குழுவுக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹக் ப்ரோடி வெள்ளைக்காலன் என்று ஒரு காளையை வாங்கிக்கொண்டு போனார். கோபமில்லை. பாதிரி வியாழக்கிழமை லாரியில் திரும்பி வருகிறான்.

மந்தையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் நீ சொன்னதுதான் சரி. கேக் நன்றாக இருந்தது.

அன்புடன்,
டாரில்


லான்ஸ்வுட்
30 செப்டம்பர் 2015

டாரிலுக்கு,

நேற்று லாரிகள் வந்துபோயின. மூன்று. கார்டன் மகனிடம், "மெதுவா ஓட்டு, என் பொண்ணுங்களுக்கு வாந்தி வரும்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் சரிங்க என்றான். ஒற்றைக் காது சாய்வுப்பலகையில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. தடி எடுக்கவில்லை. கழுத்தில் கை போட்டுக் கூடவே நடந்தேன், ஏறிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு பசுக்கள் நிற்கின்றன. பாதிரியும் நிற்கிறான், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

நான் அழவில்லை. மிக் அழுதார், தூசு விழுந்துவிட்டது என்றார். பரவாயில்லை, என் தம்பி நிமிர்ந்து நின்று சொன்னான் என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

இன்று காலை நெரிடா போன் செய்தாள்.

"ரேலீன், மாடெல்லாம் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. நீங்க உங்கள நொந்துக்காதீங்க. யாருக்கும் நடக்குறதுதான்."

"என்னது நடக்குறது?"

"அட்டைய மாத்தி எழுதுனத சொல்றேன். சமையல் மேசையில வச்சு, சாப்பாடு நடுவுல. நானும் அப்படித்தான், எதையாவது மாத்தி வச்சிருவேன்."

"யாரு சொன்னது?"

"உங்க தம்பிதான். மைக்ல. அக்கா தனியாளா எல்லாத்தையும் பாக்குறாங்க, அதிகம் படிக்கல, எழுத்து வேலைல தவறிட்டாங்க, அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேக்குறேன்னு. பாதிப் பேர் கண்ணத் தொடச்சாங்க. இப்படி ஒரு தம்பி கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்!"

எனக்கு வாயில் ஒரு கிண்டல்கூட வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

அவள் தொடர்ந்து சொன்னாள். அடுத்த வருஷம் பாதிரியின் தங்கைக் கிடாரிகள் இரண்டு வேண்டுமாம். "ஆனா தப்பா நெனைக்காதீங்க, முடி மட்டும் எங்க ஆளு வந்து எடுத்துக்குவாரு. ஹக் அப்படிச் சொல்றாரு." வரச்சொல்லுங்கள், தேநீர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தப்பு உன்னுடையது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. ஏழாம் வகுப்புக்காரி படித்த தம்பிமேல் தப்பைப் போடுகிறாள் என்றுதான் கேட்டவர்கள் நினைப்பார்கள். அதை நீ கணக்குப் போட்டுத்தான் பேசினாயா, அல்லது ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் வாய் தானாக வளைந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நீ "என் வழியில் சொல்லவிடு" என்று எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வராதே என்றாயே, குரல் வராது என்று. உண்மைதான், நான் முன்னால் இருந்திருந்தால் அந்தக் குரல் வந்திருக்காது.

மாடுகளைக் கொடுத்தேன். அது என் முடிவு, உன்மேல் அதில் ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்தது என் கை ஒன்றுதான். ரேலீன் மாண்டர் கூண்டில் பிடித்து எழுதினால் அது சரியாக இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு பசுவை வைத்துக்கொண்டு மறுபடி ஏறலாம் என்றால் அதை வைத்துத்தான் ஏறவேண்டும். அதையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டாய்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. நெரிடாவுக்கும் அந்தத் தலைவருக்கும் ஒரு வரி எழுது. "முடியைப் பிடுங்கியது நான், அட்டையில் எழுதியதும் நான்" என்று. அவ்வளவுதான், கையெழுத்து. எழுதினால் நெரிடா எனக்குப் போன் செய்வாள், அவளுக்கு வாய் நிற்காது. அன்றைக்கு உனக்கு நானே எழுதுவேன். அதுவரை எழுதமாட்டேன்.

ரேலீன்


ராக்ஹாம்ப்டன்
2 டிசம்பர் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மிக் மாமா நலமா? போன வாரம் ஆல்ஃபா பக்கம் நல்ல மழை என்று வானொலியில் சொன்னார்கள். அணை நிரம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டும் வயிறு நிறைய மேய்வதை நினைத்துப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது.

தேர்வுக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். போன திங்கட்கிழமை முதல் கூட்டம். உன்னைப் பற்றி எல்லோரும் மரியாதையாகத்தான் விசாரிக்கிறார்கள். நீ நினைப்பதுபோல யாரும் தவறாக நினைக்கவில்லை. அந்த ஒரு வரி விஷயத்தைப் பற்றி நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குழுவில் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன், உடனே கிளறினால் எல்லோருக்கும் குழப்பம். கொஞ்ச நாள் போகட்டும். நேரில் பார்க்கும்போது பேசலாம்.

கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்றிருக்கிறேன். பன்றித்தொடை நான் வாங்கி வருகிறேன். அடுத்த மாநாட்டுக்குக் கிடாரிகளின் முடி அனுப்ப இப்போதே ஏற்பாடு செய்யலாம். இந்த முறை அட்டையில் எண்ணை மட்டும் கொஞ்சம் கவனமாக எழுதிவிடு அக்கா.

நான் போட்ட மற்ற இரண்டு கடிதங்களும் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. ஓடையில் தண்ணீர் போவதால் தபால் வண்டி நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன் உன் தம்பி,
டாரில்